பிளக் என்றால் ஈரக்குலை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆனால் டாக்டர் சொன்ன ஓய்வு முடியும் முன்பே மொழிபெயர்ப்பில் உட்கார்ந்துவிட்டாய் போலிருக்கிறதே!

நீ கேட்ட 'பிளக்' (pluck) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். சுவரில் செருகும் பிளக் (plug) வேறு சொல், நம் எழுத்தில்தான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அகராதியில் தைரியம், துணிச்சல் என்று போட்டிருக்கும். அதை அப்படியே எடுத்து வைத்ததால்தான் உன் வாக்கியங்கள் உப்புச்சப்பில்லாமல் நிற்கின்றன.

இது கசாப்புக் கடையில் பிறந்த சொல். ஆட்டின் வயிற்றைத் திறந்து, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள சவ்வை அறுத்துவிட்டு, மூச்சுக்குழாயைப் பிடித்து இழுத்தால் நுரையீரல், இதயம், ஈரல் மூன்றும் ஒரே கொத்தாக வரும். பிடுங்கி எடுப்பதால் அந்தக் கொத்துக்குப் பெயர் பிளக். ஸ்காட்லாந்தில் ஹாகிஸ் என்ற இறைச்சி உணவைச் சமைப்பவர்கள் இன்றும் அதை அப்படித்தான் சொல்கிறார்கள். வேகவைக்கும்போது மூச்சுக்குழாயைப் பாத்திர விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே ஒரு கிண்ணம் வைப்பது பழைய முறை. நுரையீரலில் உள்ள அழுக்கும் நுரையும் அந்த வழியாக வடிந்துவிடும். வெந்ததைப் பொடியாக நறுக்கி, ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு சேர்த்து, இரைப்பையில் அடைத்து மறுபடி வேகவைப்பார்கள்.

நம்மூர்க் கடைக் கொக்கியில் தொங்குவதும் இதே கொத்துதான். நாம் ஈரக்குலை என்கிறோம். வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்கு அது தைரியம். நமக்கோ பயம் வந்தால் நடுங்குவது அது. அதற்காக 'ஈரக்குலை உள்ள பையன்' என்று எழுதிவிடாதே, வாசிப்பவர் பிரியாணியை நினைப்பார்!

1785இல் பிரான்சிஸ் கிராஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியில் பிளக் என்றால் தைரியம் என்று வந்துவிட்டது. அதாவது அன்றைக்கு அது மரியாதையான சொல் இல்லை, குத்துச்சண்டைக்காரர்கள் பேச்சு. 19ஆம் நூற்றாண்டு போகப்போகத்தான் வீட்டுக்குள் வந்தது. குடலைக் குறிக்கும் 'கட்ஸ்' தைரியமானது அதற்கும் பிறகு. இன்றுவரை கொஞ்சம் முரட்டுச் சொல்தான். நரம்பைக் குறிக்கும் 'நெர்வ்' இன்னும் ஆபத்து: ஓரிடத்தில் மன உறுதி, இன்னோரிடத்தில் 'என்ன திமிர்!' பிளக் அப்படித் திமிர்ப் பக்கம் சாய்வதில்லை.

ஆனால் அதிலும் ஒரு முள் இருக்கிறது. பிளக் என்பது பெரும்பாலும் எளியவன் காட்டும் துணிச்சல். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை புகுந்தபோது எதிர்த்து நின்ற பெல்ஜியத்தைப் பிரிட்டிஷ்காரர்கள் 'பிளக்கி லிட்டில் பெல்ஜியம்' என்றார்கள். 'வீரம் மிக்க பெல்ஜியம்' என்று எழுதினால் பாதி போய்விடும். 'சின்ன நாடுதான், ஆனாலும் சளைக்கவில்லை' என்ற தொனி வேண்டும். படைத்தளபதியை யாரும் பிளக்கி என்பதில்லை. மேலதிகாரியைச் சொன்னால் முதுகில் தட்டிக்கொடுத்தது போல இருக்கும், அவர் ரசிக்க மாட்டார். விளையாட்டுச் செய்தியில் ஓர் அணியை அப்படிச் சொன்னால் அநேகமாக அது தோற்ற அணி; 'தோற்றாலும் விட்டுக்கொடுக்காமல்' என்று போட்டுவிடலாம். 'கெத்து', 'தில்' இரண்டும் வேண்டாம், அவற்றில் இந்தப் பரிவு கிடையாது.

'பிளக் அப் கரேஜ்' வேறு கதை. அங்கே பிளக் வினைச்சொல். கொத்துக்கும் அதற்கும் நேர் உறவில்லை, வழக்கும் பழையது. நம் 'தைரியத்தை வரவழைத்துக்கொண்டு' அச்சாகப் பொருந்தும். முன்னால் தயக்கம் இருக்க வேண்டும், அதை மறக்காதே. சம்பள உயர்வு கேட்கப் போகிறவனுக்குச் சரி. பிள்ளையைக் காப்பாற்ற யோசிக்காமல் ஆற்றில் குதிப்பவனுக்குச் சரிவராது.

கடைசியாக, உன் மூன்றாம் அத்தியாயம். ஆக்ஸ்போர்டு மாணவன் 'வாஸ் பிளக்ட்' என்பதற்கு 'துணிச்சல் பெற்றான்' என்று எழுதியிருக்கிறாய். அந்தக் காலப் பல்கலைக்கழகப் பேச்சில் அதற்குப் பரீட்சையில் தோற்றான் என்று பொருள். அந்த ஒரு வரியைத் திருத்து. அடுத்த பக்கத்தில் அவன் அப்பா ஏன் அப்படிக் கத்துகிறார் என்பது தன்னால் விளங்கிவிடும். நான்காம் அத்தியாயத்தை அனுப்பு, ஆனால் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்