படப்பெட்டிக்கு முன்னால் வந்த பாட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதில் ஒரு வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘திரை பேசியது என்ற அதிசயமே போதுமானதாக இருந்தது, விளம்பரத்துக்கு வேலையே இருக்கவில்லை’ என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சினிமாவைக் கொண்டு சேர்த்தவர்களின் உழைப்பை அந்த ஒரு வரி துடைத்தெறிந்துவிடுகிறது.

அதிசயம் மட்டும் காரணம் என்றால், ஆங்கிலப் பேசும் படங்களுக்கே நம் மக்கள் திரண்டிருக்க வேண்டும். அவை 1929-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன. 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ இந்தியில் வெளியானபோதுதான் கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீசை அழைக்க வேண்டியிருந்தது. படம் பேசுகிறது என்பதைவிட, நமக்குப் புரிகிற மொழியில் பேசிப் பாடுகிறது என்பதுதான் மக்களை இழுத்தது. ‘ஆலம் ஆரா’வை எடுத்த அதே இம்பீரியல் கம்பெனி, அதே தயாரிப்பாளர் அர்தேஷிர் இரானி, ஹெச்.எம். ரெட்டியின் இயக்கத்தில் ‘காளிதாஸ்’ படத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்பியபோது, இங்கே அதை எப்படி அறிமுகப்படுத்த வேண்டும் என்பதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

1931 அக்டோபர் 31 அன்று வால்டாக்ஸ் சாலையில் இருந்த கினிமா சென்ட்ரலில் படம் திரையிடப்பட்டது. அதையொட்டி வந்த விளம்பரங்கள் எதை முன்னிறுத்தின என்று பாருங்கள். மேடை நாடகங்களில் மக்களுக்கு அறிமுகமாகியிருந்த டி.பி. ராஜலட்சுமியின் பெயர், தமிழ் தெலுங்குப் பாடல்கள், தியாகராஜர் கீர்த்தனைகள், நடனம். கதை பின்னுக்குப் போய்விட்டது. நாடகக் கொட்டகையில் விடிய விடியப் பாட்டுக் கேட்டுப் பழகிய ஒரு சமூகத்திடம், ‘நீங்கள் விரும்பியதெல்லாம் இங்கேயும் கிடைக்கும்’ என்று அந்த விளம்பரங்கள் சொல்லின. அதோடு பாடலாசிரியர் மதுரகவி பாஸ்கரதாஸின் ராட்டினப் பாட்டும் படத்தில் இருந்தது. காளிதாசன் கதைக்கும் காந்தியின் கைராட்டினத்துக்கும் என்ன தொடர்பு? கதையில் ஒன்றுமில்லை. ஆனால் அது உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு அடுத்த ஆண்டு. கொட்டகைக்குள் அந்தப் பாட்டு ஒலித்தால் கூட்டம் எப்படிச் சிலிர்க்கும் என்பதை அறிந்தே அதைச் சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

படப்பெட்டி சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியதும் மக்கள் பூத்தூவி, தேங்காய் உடைத்து, ஊதுவத்தி ஏற்றி, கொட்டகை வரை ஊர்வலமாகப் பின்தொடர்ந்தார்கள் என்று சினிமா வரலாற்றாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். சாமி புறப்பாட்டுக்குச் செய்யும் மரியாதை அது. செய்தி முன்பே பரவியிருக்காவிட்டால், ரயில் நிலையத்தில் அத்தனை பேர் காத்திருந்திருப்பார்களா?

அன்றைய இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். பத்திரிகை விளம்பரத்தின் எல்லை அவ்வளவே. மற்றவர்களுக்குக் காதுதான் வழி. தட்டி கட்டிய மாட்டுவண்டி, அதற்கு முன்னால் பறையோ பாண்டு வாத்தியமோ, வண்டியில் இருந்து நோட்டீஸ் வீசும் ஆள், அதைப் பொறுக்கப் பின்னால் ஓடும் பிள்ளைகள். மௌனப் படக் காலத்தில் தொடங்கிய இந்த வழக்கம், டூரிங் டாக்கீஸ்கள் இருந்தவரை சிற்றூர்களில் உயிரோடு இருந்தது. ஒருவர் கையில் கிடைத்த நோட்டீஸ் திண்ணையில் உரக்கப் படிக்கப்பட்டு ஒரு தெருவுக்கே போய்ச் சேர்ந்தது. அந்த வண்டிக்காரர்களின் பெயர் எந்தச் சினிமா வரலாற்றிலும் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

பாட்டுப் புத்தகங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாடல்களோடு கதைச் சுருக்கத்தையும் அச்சிட்டு, உச்சகட்டம் வரும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். கொட்டகை வாசலில் வாங்கிய புத்தகம் வீட்டுக்குப் போகும், பக்கத்து வீட்டுக்குப் போகும், பாட்டாக வாய்க்கு வாய் பரவும். படம் பார்த்தவரே அடுத்தவரை அழைத்துவரும்படி செய்த ஏற்பாடு அது.

‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. நாயகி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசிய அந்தப் படத்தை முழுத் தமிழ்ப் படம் எனலாமா என்ற விவாதத்தில்கூட, நமக்குக் கைகொடுப்பவை அந்த விளம்பரங்களும் பாட்டுப் புத்தகமும் அன்றைய பத்திரிகைக் குறிப்புகளும்தான். கூட்டம் சேர்க்க அச்சடித்து வீசிய மலிவுத் தாள், படச்சுருளை விட அதிக ஆயுளோடு இருந்திருக்கிறது. விளம்பரத்துக்கு வேலையே இல்லை என்ற வரி அதனால்தான் என்னை இவ்வளவு வருத்துகிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய பாட்டுப் புத்தகங்களும் நோட்டீஸ்களும் பாதுகாக்கப்படுகின்றன. அவர்களின் அனுமதியோடு வாரம் ஒரு பழைய சினிமா நோட்டீசைத் தங்கள் இதழில் முழு அளவில் வெளியிடுங்கள். எழுத்துகள் படிக்கும்படி இருக்க வேண்டும். அச்சகத்தின் பெயர், ஊர், கொட்டகையின் பெயர் எதையும் வெட்டிவிட வேண்டாம். பரண்களிலும் பழைய பெட்டிகளிலும் இவற்றை வைத்திருக்கும் வாசகர்கள், பழைய தாள்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதும்படியும் தாங்கள் கேட்டுக்கொண்டால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மதுரை.