ஆதித்யாவின் தரவைப் படிக்கும் மென்பொருளைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பெங்களூரு பதிப்பில், சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலம் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. எங்கள் வீட்டில் அப்பா அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார், செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்ததைப் படித்தபோது அவர் குரலே மாறிவிட்டது. நல்ல கட்டுரை. ஆனால் அதில் ஒரு வரி, "ஹீலியோஸ் கருவி சூரியனை எக்ஸ்ரேயில் படம் பிடித்து அனுப்புகிறது" என்று இருந்தது. அது சரியில்லை. அதைத் திருத்தச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத வேறு விஷயமும் சேர்ந்துகொண்டது.

ஆதித்யாவில் உள்ள ஏழு கருவிகளில் சோலெக்ஸ், ஹீலியோஸ் என்ற இரண்டுதான் சூரியனின் எக்ஸ்ரேயை அளக்கின்றன. இரண்டையும் செய்தது நம் ஊர் யு.ஆர். ராவ் விண்கல மையம். இவை படமே எடுப்பதில்லை. எந்த நொடியில், எந்த ஆற்றலில், எத்தனை எக்ஸ்ரே துகள் வந்து விழுந்தது என்று எண்ணுகின்றன, அவ்வளவுதான். பூமிக்கு வருவது எண்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டு, சூரியனில் வெடித்த பிழம்பு, அதாவது நாங்கள் ஃபிளேர் என்று சொல்வது, எத்தனை கோடி டிகிரி சூடாக இருந்தது, அதில் எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகம் பிடித்தன என்று சொல்வது மென்பொருள். நான் கடந்த ஆறு வருடமாக இந்த மாதிரி மென்பொருள் எழுதும் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். அதனால்தான் அந்த ஒரு வரி உறுத்தியது.

எண்களில் இருந்து வெப்பநிலைக்குப் போவது நேரான வழி இல்லை. 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ்ரேயின் ஆற்றலை இந்த அலகில்தான் சொல்வோம்) ஆற்றலோடு ஒரு துகள் வந்தால், கருவி அதை எப்போதும் 50 என்றே பதிவு செய்யாது. சில நேரம் ஆற்றலில் ஒரு பகுதி வெளியே தப்பிவிடும், 50 என்பது சுமார் 25 ஆகப் பதிவாகும். பெரிய ஃபிளேர் வந்தால் இரண்டு துகள்கள் ஒரே கணத்தில் விழுந்து ஒன்றாக எண்ணப்படும். ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போது அடுத்தது வந்தால் அது கணக்கிலேயே வராது. அப்புறம் விண்வெளியில் சும்மா திரியும் துகள்கள் வேறு வந்து கணக்கில் கலந்துவிடும்.

இதை எல்லாம் திருப்பிப் பிரித்து எடுக்க முடியாது. அத்தை வைத்த ரசத்தை ருசி பார்த்து எவ்வளவு புளி, எவ்வளவு மிளகு என்று கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன செய்வோம்? நாமே ஒரு அளவை ஊகித்து ரசம் வைப்போம், ருசி ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம், ஒத்துப்போகாவிட்டால் அளவை மாற்றி மறுபடி வைப்போம். எங்கள் மென்பொருளும் அதைத்தான் செய்கிறது. சூரியனில் இந்த வெப்பநிலை என்று ஊகித்து, அந்த எக்ஸ்ரே இந்தக் கருவியில் விழுந்தால் என்ன எண் வரும் என்று கணக்குப் போட்டு, உண்மையில் வந்த எண்ணோடு ஒப்பிடுகிறது, பல நூறு தடவை. அதற்குக் கருவியின் குணம் முழுவதும் ஒரு பெரிய அட்டவணையாகத் தெரிந்திருக்க வேண்டும், அதை ராக்கெட் ஏறுவதற்கு முன்பே ஆய்வகத்தில் அமெரிசியம் போன்ற கதிரியக்க மூலங்களை வைத்து அளந்து வைப்பார்கள். அந்த அட்டவணையில் ஒரு சின்னத் தப்பு இருந்தால் பத்து வருடத்துக்கு எல்லோருடைய முடிவும் தப்பு.

எக்ஸ்ரேயில் படம் எடுக்கும் கலங்களும் உண்டு. நாசாவின் ரெஸ்ஸி 2002ல் போய் 2018 வரை வேலை செய்தது. கடின எக்ஸ்ரேயை, அதாவது ஆற்றல் அதிகமான எக்ஸ்ரேயை, லென்ஸ் வைத்துக் குவிப்பது கஷ்டம் என்பதால், ஒன்பது ஜோடிக் கம்பிச் சல்லடைகளை மாட்டி, கலத்தையே நாலு நொடிக்கு ஒரு சுற்று சுழலவிட்டார்கள். சல்லடை வழியே வெளிச்சம் மின்னி மின்னி வந்த தாளத்தில் இருந்து கணக்குப் போட்டுத்தான் படம் செய்தார்கள், அந்தப் படம் பிறந்த இடமே மென்பொருள்தான்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி, ஆதித்யா இருக்கும் எல்-1 என்ற இடத்தில் இருந்து வந்த தரவையும் பூமியைச் சுற்றும் அமெரிக்க கோஸ் செயற்கைக்கோளின் தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே ஃபிளேர் நமக்கு 32 நொடி பிந்தித் தெரிகிறது என்று சொன்னாள். எல்-1 பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் சூரியன் பக்கம் இருக்கிறது, ஒளி அங்கே 5 நொடி முந்தித்தான் போக வேண்டும். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் தவறு எங்கள் புரோகிராமில்தான். அணுக் கடிகார நேரத்துக்கும் நாம் புழங்கும் உலக நேரத்துக்கும் 2017ல் இருந்து 37 நொடி வித்தியாசம், அதை ஓர் இடத்தில் கழிக்க விட்டுவிட்டோம். 37ல் 5 போக 32. வெறும் 37 என்று வந்திருந்தால் அன்றே பிடித்திருப்போம். கழித்தலை அவளே எழுதிச் சேர்த்தாள், அந்த இரண்டு வரி இப்போதும் அங்கே இருக்கிறது.

இன்னொன்றும் உங்கள் வாசகர்களுக்குத் தெரியட்டும். ஃபிளேர்களின் பலத்தைப் பொறுத்து எம் வகை, அதைவிடப் பெரிய எக்ஸ் வகை என்று செய்தியில் போடுகிறீர்கள். அது கோஸ் அளவை வைத்துச் சொல்வது. கோஸ் வரிசையில் 8 முதல் 15 வரையிலான செயற்கைக்கோள்களுக்கு வெளியிட்ட எண்களில் ஒரு திருத்தக் காரணி கலந்திருந்தது, உண்மை அளவு வேண்டுமானால் 0.7ஆல் வகுக்க வேண்டும். 16ல் இருந்து அது இல்லை. அதாவது பழைய எக்ஸ்1 ஃபிளேர் இன்றைய கணக்கில் எக்ஸ்1.4. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு "இத்தனை வருடத்தில் பெரியது" என்று எழுதும் முன் இதைக் கவனிக்க வேண்டும், எங்கள் மென்பொருளிலும் இதற்குத் தனியாக ஒரு வரி இருக்கிறது.

சரி, நான் கேட்பது என்ன? 2023 செப்டம்பர் 2ல் ராக்கெட் கிளம்பியது முதல் பக்கத்தில் வந்தது, 2024 ஜனவரி 6ல் எல்-1 சுற்றுப்பாதையில் போய்ச் சேர்ந்ததும் வந்தது. அதற்குப் பிறகு, போன ஞாயிறு வந்ததைத் தவிர, பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும். ஆதித்யாவின் தரவு இஸ்ரோவின் பிரதான் இணையதளத்தில் கிடைக்கிறது, மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்துகொண்டால் போதும், காசு இல்லை. சந்திரயான்-2ல் சூரிய எக்ஸ்ரேயை அளந்த எக்ஸ்.எஸ்.எம். கருவியின் தரவும் அங்கேயே இருக்கிறது. சூரியன் மிக அமைதியாக இருந்த 2019-20ல், வகைகளிலேயே சின்னதான ஏ வகைக்கும் கீழே இருந்த குட்டி ஃபிளேர்கள் 98ஐ 76 நாளில் கண்டுபிடித்தது அந்தக் கருவி. முன்பு இந்தத் துறையில் எல்லாமே ஐ.டி.எல். என்ற நிரல் மொழியில் இருந்தது, அதற்கான உரிமம் சின்னக் கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகாது. இப்போது பைத்தான் மொழி, அதில் வானியலுக்கான ஆஸ்ட்ரோபை, சூரியனுக்கான சன்பை எல்லாம் இலவசம். எட்டு ஜிபி லேப்டாப் போதும்.

அப்படி இருந்தும் கடைசி வருட ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிச் சமர்ப்பிக்கும் பிள்ளைகளை இந்த ஊரிலேயே நிறையப் பார்க்கிறேன், என் சித்தி பையனும் அதில் ஒருவன். அவனிடம் கேட்டேன். "அக்கா, இப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் சொல்லலையே" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் மாதம் ஒரு தடவை, உங்கள் கல்விப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்குங்கள். தரவை எப்படி இறக்குவது, வானியல் தரவு இருக்கும் ஃபிட்ஸ் என்ற வகைக் கோப்பை எப்படித் திறப்பது, ஒரு ஃபிளேரின் வரைபடத்தை எப்படிப் போடுவது என்று படிப்படியாகத் தமிழில் நான் எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். முதல் பகுதியை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். சித்தி பையனை உட்கார வைத்து, அவனுக்குப் புரியாத இடத்தை எல்லாம் திருப்பி எழுதியது.

அன்புடன்,
உங்கள் வாசகி,
அல்சூர், பெங்களூரு