உங்கள் பதிவேட்டில் ஒரு பக்கம்: எலும்பு அறுவை மருத்துவர்களுக்குத் திறந்த மடல்

எலும்பு, மூட்டு அறுவை மருத்துவர்களுக்கு,

வணக்கம். மூட்டுத் தேய்ந்து ஆபரேஷன் வரை வந்துவிட்டவர்கள் உங்களில் ஒருவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கைராசிக்காரர் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். வாசலில் கூட்டம் நிற்க வேண்டும். பெயருக்குப் பின்னால் பட்டங்கள் நீள வேண்டும். ரோபோ இருக்கிறது என்று விளம்பரம் வேறு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். விவரம் தெரியாதவர்கள் என்று எங்களை நீங்கள் நினைக்கலாம். ஆனால் வேறு எதை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பது? எங்களுக்கு உதவக்கூடிய தகவல் உங்கள் ஆபரேஷன் தியேட்டர் பதிவேட்டுக்குள் இருக்கிறது. அதிலிருந்து ஒரு பக்கத்தை எங்களுக்குக் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அனுபவம் எத்தனை வருடம் என்று உங்கள் பலகைகள் சொல்கின்றன. அது எங்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை. எனக்குச் செய்யப்போகிற இதே ஆபரேஷனைப் போன வருடம் எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. வருடத்துக்கு 35-க்கும் குறைவான இடுப்பு மூட்டு மாற்றுகளைச் செய்பவர்களின் நோயாளிகளுக்கு, மூட்டு நழுவுவதும் மறுபடி ஆபரேஷன் செய்ய நேர்வதும் அதிகம் என்று அது கண்டது. முப்பது வருடம் அனுபவமுள்ள ஒருவர் வருடத்துக்குப் பத்து இடுப்பு மூட்டுதான் மாற்றுகிறார் என்றால், அதை அறியும் உரிமை அவரிடம் ஆபரேஷன் செய்துகொள்ளப்போகிறவருக்கு உண்டு.

அடுத்தது, செய்தவர்களில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது, எத்தனை பேருக்கு மறுபடி திறக்க வேண்டியிருந்தது என்பது. இந்தக் கேள்வி காதில் விழுந்ததும் உங்களில் சிலருக்கு முகம் சுருங்கும், தெரியும். உங்கள் மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. சர்க்கரை கட்டுப்படாதவர், உடல் பருமன் கூடியவர், வேறெங்கோ செய்து கெட்டுப்போன மூட்டோடு வருபவர் என்று கடினமானவர்களை ஏற்றுக்கொள்கிற மருத்துவரின் கணக்கு மோசமாகத்தான் தெரியும். வெறும் எண்ணை வெளியிட்டால், நாளைக்கு அவரும் அந்த நோயாளிகளைத் தட்டிக்கழிக்கத் தொடங்குவார். இருபது பேரில் ஒருவருக்குச் சீழ் பிடித்தாலே ஐந்து சதவீதம். அவ்வளவு சின்னக் கணக்கை வைத்து ஒருவரை எடை போட முடியாது.

இதற்கு விடை கணக்கை மறைப்பதல்ல, எல்லோருடைய கணக்கையும் ஓரிடத்தில் சேர்ப்பது. சுவீடன் முழங்கால் மூட்டு மாற்றுகளுக்கு 1975-லும் இடுப்புக்கு 1979-லும் தேசியப் பதிவேடு தொடங்கியது. ஆஸ்திரேலியா 1999-ல். இங்கிலாந்தும் வேல்ஸும் 2003-ல். அங்கெல்லாம் வயதையும் உடல்நிலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஒப்பிடுகிறார்கள். உலோகத்தின் மேல் உலோகம் உரசும் ஒருவகை இடுப்பு மூட்டு சீக்கிரமே பழுதாகிறது என்பதை ஆஸ்திரேலியப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2009-ல் அந்த நாட்டிலும் 2010-ல் உலகம் முழுவதும் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த மூட்டைப் பொருத்தியவர்களில் கைராசிக்காரர்களும் இருந்திருப்பார்கள். எங்கள் பகுதியில் அப்படி ஒரு பதிவேடு இல்லையென்றால், அதை உங்கள் சங்கங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் கேட்டு நடக்காது.

கத்தியைப் பிடிப்பது யார் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். இளையவர்கள் பழகித்தான் ஆக வேண்டும். நீங்கள் பக்கத்தில் நிற்க அவர் செய்தால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். உங்கள் பெயரைச் சொல்லி வரவழைத்துவிட்டு, நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுதான் வலிக்கிறது. தையல் பிரித்த பிறகு யாரைப் பார்ப்பது, இரவில் காய்ச்சலும் வீக்கமும் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதும் அதே பேச்சில் வர வேண்டியவை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆபரேஷன் வேண்டாம் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறீர்கள்? "முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று ஸ்கேனைப் பார்த்துச் சொன்னதும் பாதிப்பேர் ஆபரேஷனுக்கு மனத்தளவில் தயாராகிவிடுகிறார்கள். நடுவயதைத் தாண்டியவர்களில் துளி வலியும் இல்லாத பலருக்குக்கூட ஸ்கேனில் அந்தக் கிழிசல் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தேய்ந்த முழங்காலுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்யும் ஆபரேஷனையும், தோலை மட்டும் கீறித் தைத்த பொய் ஆபரேஷனையும் ஒப்பிட்ட ஆய்வு 2002-லேயே வந்தது. வலியில் வித்தியாசமே இல்லை. தேய்மானத்தால் வந்த கிழிசலுக்குச் செய்யும் ஆபரேஷனையும் பொய் ஆபரேஷனோடு ஒப்பிட்ட பின்லாந்து ஆய்வு 2013-ல் வந்தது, முடிவும் அதேதான். மூட்டு மாற்று அப்படியல்ல, அது உண்மையிலேயே பலரை எழுந்து நடக்க வைக்கிறது. பொருத்திய முழங்கால்களில் சுமார் 82 சதவீதம் 25 வருடம்வரை தாங்குகின்றன என்று 2019-ல் வந்த ஒரு பெரிய அலசல் மதிப்பிட்டது. ஆனால் முழங்கால் மாற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மனநிறைவு அடைவதில்லை என்றும் பல ஆய்வுகள் சொல்கின்றன. முதல் தகவலை நோயாளிக்குச் சொல்கிற வாயாலேயே இரண்டாவதையும் சொல்லுங்கள். முதலில் மூன்று மாதம் பிசியோதெரபி செய்யுங்கள், எடையைக் குறையுங்கள், பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவைக்கிறவரைத்தான் நான் மற்றவர்களுக்குச் சொல்வேன்.

இன்னொன்று. தோள், கை, முதுகுத்தண்டு, குழந்தைகளின் எலும்பு என்று உங்களுக்குள்ளேயே துறைகள் பிரிந்துவிட்டன. எங்களுக்கு எல்லோரும் எலும்பு டாக்டர்தான். இது என் வேலையல்ல, இவரிடம் போங்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எலும்பில் புற்றுக்கட்டி என்று சந்தேகம் வந்தால், சதைத் துணுக்கை எடுப்பதைக்கூடப் பிறகு ஆபரேஷன் செய்யப்போகிற மையத்திடமே விட்டுவிடுங்கள். துணுக்கெடுத்த இடம் பிசகினால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலையும் இழக்க நேரலாம்.

வயதானவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் இந்தத் தேர்வெல்லாம் கிடையாது. ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் நடப்பதுதான் அங்கே முக்கியம். பெயர்பெற்றவரைத் தேடி அலைய வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் கண்டிப்பாகவே சொல்லுங்கள்.

தேசியப் பதிவேடு வரக் காலமாகலாம். அதுவரை உங்கள் அறைச் சுவரில் ஒரே ஒரு தாள் போதும். போன வருடம் எந்தெந்த ஆபரேஷன், எத்தனை பேருக்கு, எத்தனை பேருக்கு மறுபடி செய்ய நேர்ந்தது, கடினமானவர்கள் அதில் எத்தனை பேர் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள். பட்டங்களை மாட்டியிருக்கும் சுவரிலேயே அதற்கும் இடம் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசலில் காத்திருப்பவர்களில் ஒருவர்