42-இல் 71 போகுமா?

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 42 − 71 என்ற கணக்குக்குச் சின்னவன் −31 என்று எழுதியிருக்கிறான். அதன்மேல் நீ இழுத்த சிவப்புக் கோடு தாளையே கிழித்திருக்கிறது. சரி, அதை விடு. கணக்கைப் பேசுவோம்.

அவன் கவனமில்லாமல் போட்டதல்ல அது. ஒன்றாம் இடத்தில் 2-இல் 1 போக 1. பத்தாம் இடத்தில் 4-இல் 7 போக −3. இதுவரை ஒரு பிழையும் இல்லை, பார். ஆனால் அந்த −3 பத்தாம் இடத்தில் இருப்பதால் −30. பக்கத்திலுள்ள 1 மிகை எண். −30-உடன் 1-ஐக் கூட்டினால் −29. அவன் முன்னால் ஒரு மைனஸைப் போட்டு இரண்டையும் ஒட்டிவிட்டான். மிகையாக இருந்த 1-உம் குறையாகிவிட்டது. பத்தாம் இடத்தில் குறை எண் வரலாம் என்று தானாகவே யோசித்த பிள்ளை மக்கு இல்லை. (போனில் எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.)

'திருப்பிப் போட்டுக் கழி, முன்னால் மைனஸ் போடு' என்று எடுத்ததும் சொல்லாதே. விடை வரும், காரணம் புரியாது. 5 − 3, 5 − 4, 5 − 5 என்று வரிசையாக எழுதச் சொல். விடை ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருவதை அவனே பார்ப்பான். 5 − 6-இல் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? பிறகு 71-ஐ 42, 29 என்று உடை. 42 போனதும் பூஜ்யம். இன்னும் 29 போக வேண்டியிருக்கிறது, அதனால் −29.

எண்கோட்டில் போட்டால் தாவல்களைத்தான் எண்ண வேண்டும், புள்ளிகளை அல்ல. 5 − 8-க்கு 5-இல் நின்றுகொண்டே 'ஒன்று' என்று ஆரம்பித்தால் −2-இல் போய் நிற்பான். முதல் தாவலில் 4-க்கு வர வேண்டும், எட்டாவதில் −3. சிவப்புப் பேனாவால் கோடு போடாதே, பென்சில் போதும்.

அடுத்த பள்ளம் −3 − 4. 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று மனப்பாடம் செய்தவர்கள் இதற்கு 7 என்றோ 1 என்றோ எழுதுவார்கள். ஏற்கெனவே −3-இல் நிற்கிறோம், இன்னும் 4 இடப்பக்கம் போகிறோம், −7. −3 − (−4) வேறு கதை. அங்கே குறையையே எடுத்துவிடுகிறோம், அதனால் வலப்பக்கம் வந்து 1. மைனஸ் என்பது ஒரே கோடுதான், ஓரிடத்தில் 'கழி' என்கிறது, இன்னோரிடத்தில் 'குறை எண்' என்கிறது. குழம்பாமல் என்ன செய்வான்?

நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைச் செல்வம் என்றும் சொல்லி விதிகள் எழுதிவிட்டார். ஆனாலும் 1758-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் மசேரஸ் என்ற கணிதக்காரர் குறை எண்களே வேண்டாத தொல்லை என்று புத்தகமே போட்டார். படித்த மனிதருக்கே அப்படி.

நீ கெட்டிக்காரி, மனக்கணக்கில் இன்றும் உன்னோடு நான் போட்டிக்கு வர மாட்டேன். ஆனால் 'சின்னதில் பெரியது போகாது' என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஏன் போகாது என்று நீ கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை, ஸ்கேலை எடுத்தேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் கணக்கில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சின்னவனும் இப்போது போனில் 'ம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறான்.

சரிபார்க்கும் வழியைச் சொல்ல விட்டுப்போனது. விடையோடு கழித்த எண்ணைக் கூட்டினால் முதல் எண் வர வேண்டும். −29 + 71 = 42. அவன் விடையோடு கூட்டினால் 40-தான் வரும். அந்த 2 எங்கே போயிற்று என்று அவனே தேடட்டும்.

நாளைக்கு இரண்டு கணக்கு கொடு. 23 − 58 அவன் வழியிலேயே −35 என்று சரியாக வந்துவிடும், ஏனென்றால் இரண்டு இடமும் குறை. சந்தோஷப்படட்டும். பிறகு 25 − 61. −44 என்று எழுதினால் நீ ஒன்றும் சொல்லாதே, கூட்டிப் பார்க்க மட்டும் சொல். −36 வர நேரமாகும். பக்கத்தில் உட்கார், பேனா உன் கையில் வேண்டாம். அவன் எழுதியதை அழிக்காமல் அப்படியே படம் எடுத்து அனுப்பு.

அம்மா