செயலாளரின் ஆண்டறிக்கை: துறைமுகக் கரை பொதுவெளியாக நீடிக்க

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இவ்வாண்டில் செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. அவற்றுள் இரண்டு, போதிய உறுப்பினர்கள் வராமையால், காத்திருப்போடு முடிந்தன. கரையோரத் தூய்மைப் பணி வழக்கம்போல் நடைபெற்றது.

ஆண்டின் முதன்மைப் பணி, துறைமுகக் கரையோரப் பாதை முழுவதையும் அளந்து வரைபடமாக்கியதாகும். இது செயலாளரின் சொந்த ஆர்வம் என்று ஓர் உறுப்பினர் கூறியது கூட்டக் குறிப்பில் பதிவாகியிருப்பதால், அதன் தேவையை விளக்கக் கடமைப்பட்டுள்ளேன். கரை ஒரே நாளில் பறிபோவதில்லை. சரக்குப் போக்குவரத்து கொள்கலன் முனையங்களுக்கு இடம்பெயர்ந்ததும் பழைய கிடங்குகள் வெறுமையாகின்றன. அவ்விடத்தில் அடுக்குமாடிகள் எழுகின்றன. பின்னர் பாதுகாப்பின் பெயரால் பாதையின் குறுக்கே ஒரு கதவு வருகிறது. பழைய படகுத்துறைப் படிக்கட்டின் மேல் அப்படியொரு கதவைக் கண்டோம். "தனியார் இடம்" என்னும் பலகை அதில் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. நகரத் திட்ட வரைபடத்திலோ அந்தப் படிக்கட்டு பொதுவழி. அளவுகளுடன் மனு கொடுத்தபின் பலகை போயிற்று. பூட்டு இன்னும் தொங்குகிறது.

மனுவில் மூன்று முன்னுதாரணங்களை இணைத்திருந்தேன். சிகாகோ துறைமுகத்தில் 1,000 ஏக்கருக்கும் மேற்பட்ட ஏரிப்படுகையை 1869இல் இல்லினாய் மாநிலம் ஒரு ரயில் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தது. மக்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கும் நீர்ப்பரப்பை அவ்வாறு கைவிட அரசுக்கு அதிகாரமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1892இல் தீர்ப்பளித்தது. ஹாங்காங்கில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் துறைமுகத்தை மண்ணிட்டு நிரப்புவதற்கு எதிரான நிலையெடுத்தது. தவிர்க்கவியலாத பொதுத்தேவை இருப்பதையும் வேறு தகுந்த வழியில்லை என்பதையும் நிறுவியாக வேண்டும் என 2004இல் அங்குள்ள இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் வலியுறுத்தியது. சான் பிரான்சிஸ்கோவில் கரையை மறைத்து நின்ற மேம்பாலச் சாலை 1989 நிலநடுக்கத்தில் சேதமடைந்து, 1991இல் இடிக்கப்பட்டதால் கரை மீண்டும் திறந்தது. இம்மூன்றாவதைப் படித்த அதிகாரி, நாங்களும் நிலநடுக்கத்துக்குக் காத்திருக்கிறோமா என்று கேட்டதை இங்கு பதிவு செய்கிறேன்.

அளவைப் பணிக்கு எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அறிவிக்கப்பட்டன. கூட்டத்தில் கைதூக்கியவர் பலர். கரைக்கு வந்தவர் இருவர், அவர்களும் எல்லா வாரமும் அல்லர். மற்ற நாட்களில், கப்பல் கயிறு கட்டும் துருப்பிடித்த இரும்புக் குற்றியில் நாடாவின் ஒரு முனையை மாட்டிவிட்டு, மறுமுனையுடன் நானே நடந்தேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், செலவு வரவைச் சற்றே தாண்டியது. வித்தியாசம் தற்காலிகமாக ஈடுசெய்யப்பட்டுள்ளது. யாரால் என்பது இங்கு அவசியமில்லை. பாதிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சந்தா நிலுவையில் உள்ளது. பெயர்களை வாசிக்க வேண்டாமெனத் தலைவர் கேட்டுக்கொண்டதால், பட்டியல் இணைப்பில் மட்டும் தரப்பட்டுள்ளது.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டில் எதிர்க்கரையை அளக்க வேண்டும். செயலாளர் பொறுப்புக்கு வேறொருவர் முன்மொழியப்பட்டால் கோப்புகளை ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். என்னையே தொடரச் சொன்னாலும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கரையில் இரும்புக் குற்றிகள் இல்லை என்பதை உறுப்பினர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.