எங்கள் கடைக்கு வரக் கூடாத நேரங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் கடையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "முதலுதவிப் பெட்டி என்ன விலை?" போன வருடம் வரை விலையைச் சொல்லி, எடுத்துக் கொடுத்து, காசை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பெட்டியில் இருப்பது பஞ்சு, காஸ் துணி, பிளாஸ்திரி, ஒரு புண் மருந்து, கத்தரிக்கோல். கீறலுக்கும் சிராய்ப்புக்கும் அது போதும். உயிர் ஊசலாடும் நேரத்தில் அந்தப் பெட்டியும் உதவாது, நம் கடையும் உதவாது. மருந்துக்கடைக்காரனே இப்படி எழுதலாமா என்று வீட்டில் கேட்டார்கள். எழுதக் காரணம் இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு, இரவு ஒன்பதரை மணி. ஷட்டரை இறக்கப் போகும்போது ஒருவர் வந்து, "நெஞ்சைக் கரிக்குது, வாயு மாத்திரை ஒண்ணு கொடுங்க" என்றார். மழை பெய்து குளிர்ந்திருந்த இரவு. அவர் சட்டை மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது. மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். வீட்டு வாசலை எட்டுவதற்குள் சுருண்டு விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் உடனே 108-ஐ அழைத்ததால் பிழைத்தார். இன்றும் நம்மிடம்தான் மாத்திரை வாங்குகிறார், ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தச் சட்டைதான் ஞாபகம் வருகிறது.

ஆகவே நெஞ்சில் பாரம் ஏறி, வியர்த்து, வலி தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவினால் வாயு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், மாரடைப்பாக இருக்கலாம். பைக்கில் பின்னால் உட்காரவைத்து இங்கே கூட்டிவரவும் வேண்டாம். நடக்கவிடாமல் உட்காரவைத்து 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் வந்த பிறகு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அதே மாத்திரைகள் நம் அலமாரியிலும் இருக்கின்றன. ஆனால் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுத்தால் ரத்தக்கசிவு ஆகும் என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை இல்லை.

அடுத்தது பாம்பு. மழையில் வயலும் வரப்பும் முங்கினால் அவை மேடு தேடி வீட்டுப் பக்கம் வரும். வருடா வருடம் யாராவது ஓடிவந்து, "பாம்புக்கடி ஊசி இருக்கா?" என்று கேட்கிறார்கள். நம்மிடம் இல்லை, இருந்தாலும் போட முடியாது. அதை ரத்தக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். சிலருக்கு அந்த மருந்தே ஒவ்வாமல் மூச்சு திணறும், அதைச் சமாளிக்க டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கெடுதல்தான். இறுகக் கட்டிய கால் ரத்த ஓட்டம் இல்லாமல் அழுகிப்போகலாம். மோதிரம், மெட்டி, கொலுசு, அரைஞாண் கயிறு எதுவானாலும் வீக்கம் ஏறும் முன் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டி, படுத்த நிலையில் கொண்டுபோங்கள். பாம்பை அடித்துப் பையில் எடுத்துப்போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பிலிருந்து எடுத்துத் தரும் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து அந்த மருந்தைச் செய்கிறார்கள்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் பட்ட தடமும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்தவருக்கு இமை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ ஓம வாட்டர் வாங்க வராதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொசுவலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பது நல்ல காவல்.

மற்றவை சுருக்கமாக. தீக்காயத்துக்கு முதல் மருந்து குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். பேஸ்ட், இங்க், இட்லி மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். வெட்டுக்காயத்தில் காபித்தூள் கொட்டாமல் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள். பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

சரி, கடைக்கு எப்போதுதான் வருவது? புயலுக்கு முன்னால்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்ததை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. மூன்றாம் நாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கடையைத் திறந்தோம். வந்தவர்களில் காயம்பட்டவர்களைவிட மாத்திரை நனைந்துபோனவர்களும் தீர்ந்துபோனவர்களும்தான் அதிகம். சீட்டு இல்லை, அட்டை இல்லை. "வெள்ளையா, சின்னதா, வட்டமா இருக்குமே, அந்தப் பிரஷர் மாத்திரை" என்றார் ஒரு பெரியம்மா. நம் கடையில் வெள்ளையாக, சின்னதாக, வட்டமாக இருநூறு வகையாவது இருக்கும்! பழைய பில் புத்தகத்தைப் புரட்டி ஒருவழியாகக் கண்டுபிடித்தோம்.

அதனால் சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பத்து நாளுக்குக் கூடுதலாக வாங்கி, சீட்டின் நகலோடு தண்ணீர் புகாத பையில் கட்டிவையுங்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள், கரண்ட் இல்லாத நாட்களுக்கு, பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி, மருந்தை நனையாத உறையில் சுற்றி வைக்கலாம். ஐஸ் மேல் வைக்க வேண்டாம், உறைந்துபோன இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கைந்து போதும், பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அரைப் பொட்டலம், அரை லிட்டர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

இந்த மாதம் முழுக்க, சீட்டோடு வருகிறவர்களுக்கு மாத்திரையின் பெயர், அளவு, வேளை, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுத் தருகிறோம். காசு வேண்டாம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் குறைவு, அப்போது வந்தால் நிதானமாக எழுதலாம். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள், எழுதியது சரிதானா என்று நீங்களும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக்கடையார்
திருத்துறைப்பூண்டி