ஆசிரியருக்கு: பனிச்சறுக்கு வண்டியும் எங்கள் ஓட்டக்காரரும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த குளிர்கால ஒலிம்பிக் கட்டுரை, பனிப்பாதையில் வண்டியில் சறுக்கி இறங்கும் லூஜ், ஸ்கெலிற்றன், பொப்ஸ்லே மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, பனி நாட்டில் வளர்ந்தவர்களுக்கே இவை சரிவரும் என்று முடித்திருந்தது. லூஜைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. மல்லாந்து படுத்து, கால் முன்னே போக, கெண்டைக்காலாலும் தோளாலும் அழுத்தி வண்டியைத் திருப்பும் பழக்கம் சின்ன வயதிலேயே உடம்பில் ஏறவேண்டும். 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக் கண்ட இந்தியாவின் சிவா கேசவனும் முதல் ஒலிம்பிக்கில் இறங்கியபோது பதினாறு வயதுப் பொடியன்தான். இமயமலை வீதிகளில் சில்லுப் பூட்டிய வண்டியில் பயிற்சி செய்தவர் அவர்.

மற்ற இரண்டுக்கும் முதலில் பார்ப்பது கால் வேகத்தை; அதனால் பனி காணாத எங்கள் ஓட்டக்காரரும் முயலலாம். அமெரிக்காவின் லோறின் வில்லியம்ஸ் 2012 லண்டனில் 4x100 அஞ்சலோட்டத்தில் தங்கம் வென்ற அணியில் இருந்தார்; 2014 சோச்சியில் பொப்ஸ்லேயில் வெள்ளி. தென் கொரியாவின் யுன் சுங்-பின் 2012இல்தான் ஸ்கெலிற்றனைத் தொட்டார். 2014இல் 16ஆம் இடம், 2018இல் தங்கம். பிரித்தானியாவில் பனி ஓடுபாதையே இல்லை. பாத் பல்கலைக்கழகத்தில் தண்டவாளம் போட்ட தள்ளுபாதை ஒன்று இருக்கிறது. அங்கே பழகிய பெண்கள் 2010, 2014, 2018 மூன்றிலும் ஸ்கெலிற்றன் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஸ்கெலிற்றனில் வண்டியின் பிடியில் கைவைத்து, இடுப்பை மடித்துக் குனிந்தபடியே ஓடி, வேகம் ஏறியதும் நெஞ்சுபட அதில் படுக்கவேண்டும், தலைதான் முன்னே. 100 மீற்றர்காரர் பிழைவிடுவது இங்கேதான். இருபது மீற்றர் தாண்டியதும் நிமிர்ந்து பழகிய உடம்பு இங்கும் நிமிரப் பார்க்கும். கை வண்டியை இழுக்கும், வேகம் சாகும். ஏறும்போது தொப்பென்று விழுந்தால் வண்டி கோணி, அடியிலுள்ள இரும்பு, தொடக்கத்தில் பனியில் வெட்டியிருக்கும் தவாளிப்பின் சுவரில் உரசும். தொடக்கத்தில் விட்ட நேரம் கீழே போகப்போகப் பெருகுமே தவிரக் குறையாது. குனிந்து ஓடுவது தொடையின் பின்தசையைப் பிடிக்கும் என்பதால் அதை முதலில் பலப்படுத்தவேண்டும். தள்ளிப் பழகப் பனி தேவையில்லை. வன்னி தட்டைநிலம் என்றாலும் குளக்கட்டிலிருந்து இறங்கும் மெல்லிய சரிவு போதும், சில்லு வண்டி ஒன்றும் வேண்டும்.

தள்ளி ஓடி, ஏறி உட்கார்ந்து போகும் பொப்ஸ்லேக்கு எடையும் வேண்டும். ஆண்களின் நால்வர் வண்டி ஆட்களோடு சேர்த்து 630 கிலோ வரை போகலாம், இருவர் வண்டி 390. எங்கள் மெலிந்த ஓட்டக்காரரை விட, வேகமாக ஓடக்கூடிய குண்டெறி, தட்டெறி வீரர்தான் பின்னால் நின்று தள்ளப் பொருத்தம். ஓட்டுநர் ஆவது வேறு. இரண்டு கயிறுகளை இழுத்து வளைவுக்கு வளைவு வழி பிடிக்கப் பல பருவங்கள் எடுக்கும்.

செலவை மறைக்கக் கூடாது. பனி ஓடுபாதைகள் உலகம் முழுவதும் இருபதுக்கும் குறைவு. பனியின் தன்மைக்கேற்ப மாற்ற ஒன்றுக்கு மேற்பட்ட சோடி இரும்பு, வண்டி ஏற்றும் கூலி, பாதைக் கட்டணம் எல்லாம் சேரும். புதியவரைப் பாதையின் நடுவிலிருந்து இறக்கித்தான் பழக்குவார்கள். பிறகு சிறிய கிண்ணப் போட்டிகள், புள்ளிகள், உலகக் கிண்ணம். கனடாவிலோ ஜேர்மனியிலோ சொந்தக்காரர் இருப்பது தங்குமிடச் செலவைக் குறைக்கும், அவ்வளவே.

தலையையும் யோசிக்கவேண்டும். அதிர்வு மூளையைத் தொடும். 2020இல் தன் உயிரை மாய்த்துக்கொண்ட அமெரிக்க பொப்ஸ்லே வீரர் பாவ்லே ஜோவனோவிச்சின் மூளையில் நாட்பட்ட பாதிப்பு கண்டறியப்பட்டது. இறங்கியபின் தலையிடியோ கண் மங்கலோ இருந்தால் அன்று இன்னொரு ஓட்டம் கூடாது.

பாடசாலைப் போட்டிகளில் 100 மீற்றரின் முடிவு நேரம் மட்டுமே பதியப்படுகிறது. வண்டி தள்ளுபவரைத் தெரியத் தேவையானது முதல் 30 மீற்றரின் நேரம். கையால் அழுத்தும் கடிகாரத்தை அதற்கு நம்ப முடியாது. 30 மீற்றர்க் கோட்டுக்கு நேரே, தொடக்கக் கோடும் படத்துக்குள் வரும்படி கைத்தொலைபேசியை அசையாமல் நிறுத்தி, செக்கனுக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டக் காணொளியில் பதிந்து, புறப்பட்டதிலிருந்து கோட்டைத் தாண்டும்வரை உள்ள படங்களை எண்ணி 240ஆல் வகுத்தால் போதும். கோட்ட மட்டத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.

மெய்வல்லுநர் பயிற்றுநர்கள் சிலர்,
கிளிநொச்சி.